பாய்லருக்கு வழியனுப்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளலாம், தப்பில்லை. ஒரு பழைய பாய்லர் ஒரு அரசாங்க அதிகாரியைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

"ஏங்க, அண்ணன் வந்திருக்காரு. தட்டு வச்சேன், தொடவே இல்ல," என்றாள் மனைவி, அந்த அதிகாரி செருப்பைக் கழற்றுவதற்குள்.

தொழில் துறைத் துணைச் செயலருக்கு விஷயம் புரிந்துவிட்டது. மச்சான் துண்டு ஆலை நடத்துகிறவர். துண்டெல்லாம் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகும். சாயத் தொட்டிகளுக்கு வெந்நீர் கொடுப்பது நிலக்கரி பாய்லர். கரிப்புகையில் செய்த சரக்குக்கு இனி துறைமுகத்திலேயே தனி வரி என்று, வாங்குகிற நாடு அறிவித்திருந்தது. வரி விழுந்தால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் ஆலையை மூட வேண்டியதுதான்.

"மாப்பிள்ளை, நாட்டுக்குக் கொள்கை எழுதறது நீங்கதானே. பாய்லர மாத்திக்க ஒரு வழி எழுதுங்க. ஆலை ஓடினாப் போதும்."

"எழுதிட்டாப் போச்சு மச்சான்."

எழுதினார். உள்நாட்டில் செய்த சூரிய வெப்பக் கருவி வாங்கும் ஆலைகளுக்கு அரசு மானியம். புகையும் குறையும், நம் பட்டறைகளும் பிழைக்கும். அவருக்கே அவர்மேல் மரியாதை வந்தது.

மத்தியானமே கோப்பு திரும்பி வந்தது. பின்னாலேயே வர்த்தகப் பிரிவு அதிகாரியம்மாவும் வந்தார்.

"சார், நம்ம நாட்டுக் கருவிக்கு மட்டும் மானியம் கொடுக்க முடியாது. வர்த்தக ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"அதுல போயி யாரு கையெழுத்துப் போட்டா?"

"மந்திரி சார். பக்கத்துல நின்னு பேனா எடுத்துக் கொடுத்தது நீங்க. போட்டோல நல்லா சிரிச்சிருக்கீங்க."

'உள்நாட்டில் செய்த' என்பதை அடித்தார். வெளிநாட்டுக் கருவிகள் மலிவு விலையில் வந்து குவிந்தன. உள்ளூர்ப் பட்டறைக்காரர்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். துணைச் செயலர் பின்வாசல் வழியாகப் போய்வரப் பழகிக்கொண்டார்.

மானியம் கொடுக்கக் கஜானா இடம் கொடுக்கவில்லை. உலகப் பருவநிலை நிதியத்திடம் கடன் கேட்டார்கள். தாராளமாகத் தருகிறோம், முதலில் நிலக்கரி மின்சாரத்துக்குக் கொடுக்கும் சலுகையை நிறுத்துங்கள் என்றது நிதியம். நிறுத்தினார். ஆலையில் தறி ஓடுவதே அந்த மின்சாரத்தில்தான் என்பது பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"கரண்ட் பில்லப் பாத்தீங்களா? இந்தச் சட்டத்தப் போட்டவன் கையில கரண்டியால ஒண்ணு வைக்கணும்," என்றாள் மனைவி, வீட்டு பில்லை நீட்டி.

"போட்டது நான்தான்டி."

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

ஒருவழியாக மச்சானின் ஆலைக் கூரையில் புதுக் கருவி ஏறியது. புகைபோக்கி ஓய்ந்தது. வாங்குகிற கம்பெனியின் பிரதிநிதி வந்து, துண்டைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். அருமை, உங்களைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கைகுலுக்கினார். காரில் ஏறும்போதுதான், விலை மட்டும் கொஞ்சம் கூடிவிட்டது என்றார். அடுத்த ஆர்டர் வரவில்லை. வேறெங்கோ போய்விட்டதாகப் பேச்சு.

"உங்களக் குறை சொல்லல மாப்பிள்ளை," என்றார் மச்சான். "இப்ப வரியும் இல்ல, புகையும் இல்ல. வேலையும் இல்ல, அவ்வளவுதான்."

ஆலை முற்றத்தில் ஆட்கள் கும்பலாக நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாமல் துணைச் செயலர் லாரிப் பக்கம் நகர்ந்தார். விற்றுப்போன பழைய பாய்லரை டிரைவர் ஏற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் பழைய மெத்தை, சாக்கு, வைக்கோல்.

"காயலான் கடைக்குப் போற இரும்புக்கு ஏம்ப்பா இவ்வளவு உபசாரம்?"

"கடைக்கு இல்ல சார், துறைமுகத்துக்கு," என்றார் டிரைவர், கயிற்றை இழுத்துக் கட்டியபடி. "ஏதோ ஒரு நாட்டுல புதுசாத் துண்டு ஆலை தொடங்கறாங்களாம். ஏழை நாடுன்னு அங்கேர்ந்து வர்ற சரக்குக்கு அந்தப் புகை வரி கிடையாதாம். கீறல் படாமப் போய்ச் சேரணும்னு சொல்லி வாங்கினவரு உங்களுக்குத் தெரிஞ்சவருதான் சார், அன்னைக்கு உங்க துண்டக் கன்னத்துல ஒத்திப் பாத்தாரே, அவரு."

நன்றாக இருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டு அடுப்பு யாரையும் கேட்காமல் எரியட்டும்.