ஏழாவது வாக்கியம்

நூலகத்திலிருந்து வீடு திரும்பியவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கூடத்தின் நடுவில் நின்று கையை உயர்த்தினார்.

"முடிவு பண்ணிட்டேன்!"

"குழாயைச் சரி பண்ணவா?" என்று அடுக்களையிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"குழாயா? நான் உலகத்தையே சரி பண்ணப் போறேன்."

"அதுக்கு முன்னாடி செருப்பைக் கழட்டுங்க."

கழற்றினார்.

அவருக்கு நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டிப் பட்டியல் போடும் வேலை. ஒட்டுகிற சாக்கில் வீட்டுப் பராமரிப்பு பற்றி வந்த அத்தனை புத்தகத்தையும் கரைத்துக் குடித்திருந்தார். அந்த பலத்தில் பதினோரு வருஷமாக இணையத்தில் 'வீட்டு வைத்தியம்' என்ற மன்றத்தை நடத்திவந்தார். அங்கே அவர் பெயர் திருகாணி. ஓதம் ஏறிய சுவர், மூடாத கதவு, ஓடாத விசிறி, எதைக் கேட்டாலும் பதில் உண்டு. இதுவரை நாலாயிரத்துச் சொச்சம் பதில்கள். சொந்த வீட்டில் மட்டும் துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. அடுக்களைக் குழாய் எட்டு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இந்த மன்றத்துல சனங்க பேசற பேச்சைத் தாங்க முடியலை" என்றார். "ஒருத்தன் 'என் தாழ்மையான கருத்து'ங்கறான். அதுக்குக் கீழே நாலு பக்கம் எல்லாரையும் திட்டறான். இன்னொருத்தன் 'தப்பா நினைக்காதீங்க, ஆனா'ன்னு ஆரம்பிக்கறான். தப்பா நினைக்கற மாதிரி சொல்லப் போறவன்தானே அப்படி ஆரம்பிப்பான்?"

"ஆமா."

"எல்லாத்தையும் தடை பண்ணப் போறேன். எவனாவது அந்த வாக்கியத்தை எழுதினா கம்ப்யூட்டரே பிடிச்சு மூணு நாள் வாயைக் கட்டிடும். நானே எழுதினாலும் சரி! சொல்றேன், எழுதிக்கோ."

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அவள் மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவள். டாக்டர்களின் கையெழுத்தையே படித்துப் பழகியவளுக்குக் கணவர் வாயிலிருந்து வருவதை எழுதுவது பெரிய காரியமில்லை.

அவர் சொல்லச் சொல்ல வளர்ந்தது பட்டியல். 'அருமையான பதிவு, தொடருங்கள்' வந்தது. 'நானும் அதையேதான் சொல்ல வந்தேன்' வந்தது. 'இதை முன்னாடியே பேசியாச்சு' வந்தது. 'பிரச்சினை தீர்ந்தது, நன்றி' என்பதைச் சொல்லும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. "எப்படித் தீர்ந்ததுன்னு சொல்லித் தொலையமாட்டான்! அதைச் சொன்னா விட்டுடலாம். சொல்லலைன்னா மூணு நாள்." இதோடு ஆறு ஆகியிருந்தது.

"ஏழாவதா நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றாள் மனைவி.

"நீயா? சரி, சொல்லு."

"'நான் செய்து பார்த்ததில்லை, ஆனால்.'"

அவர் தொடையில் ஓங்கித் தட்டினார். "பிரமாதம்! செய்யாதவனுக்கு என்ன யோசனை வேண்டிக்கிடக்கு? எழுது, எழுது!"

எழுதினாள். பட்டியல் அன்றைக்கே மன்றத்தில் ஏறியது.

மூன்றே நாளில் முந்நூறு பேர் வாய் கட்டப்பட்டது. முதலில் மாட்டியவர் மன்றத்தை நடத்த அவருக்கு உதவிவந்த, 'சுத்தியல்' என்ற பெயர்க்காரர். "நல்ல விதி, ஆனால் என் தாழ்மையான கருத்து" என்று எழுதியதோடு சரி. தண்டனை முடிந்தும் யாரும் திரும்பவில்லை. கோபித்துக்கொண்டு கூட்டமாக வேறு மன்றத்துக்குப் போய்விட்டார்கள். ஒரு வாரம் பேச்சே இல்லாத மன்றத்தை இணையதளக்காரர்கள் இழுத்து மூடிவிடுவார்கள். பதினோரு வருஷம்! காலையில் எழுந்து பார்த்தால் காலி. மதியம் பார்த்தால் காலி. அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததுபோல் அலைந்தார்.

பேச்சு நின்ற ஆறாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கேள்வி வந்தது. கேட்டவர் பெயர் சொட்டு.

"அடுக்களைக் குழாய் எட்டு மாதமாக ஒழுகுகிறது. என்ன செய்யலாம்?"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. தாழ்மை இல்லை, தப்பா நினைக்க ஒன்றும் இல்லை, தங்கமான கேள்வி! வாஷரை மாற்றச் சொல்லி ஒன்றரைப் பக்கம் எழுதினார். உடனே பதில் வந்தது.

"நன்றாக எழுதுகிறீர்கள். நீங்கள் செய்து பார்த்ததுண்டா? உங்கள் கையால் செய்த படம் போட்டால் நம்பலாம். இல்லாவிட்டால் வேறு மன்றத்தில் கேட்டுக்கொள்கிறேன்."

பதினோரு வருஷப் பழக்கத்தில் கை தானாக ஓடியது. "நான் செய்து பார்த்த" வரைக்கும் அடித்துவிட்டார். சட்டென்று விரலை இழுத்துக்கொண்டார். ஏழாவது வாக்கியம்! மீதியையும் அடித்திருந்தால் மூணு நாள் வாய் கட்டு. அதற்குள் சொட்டு போய்விடும். சொட்டு போனால் மன்றம் போச்சு.

மறுநாள் காலை ஸ்பேனரும் கையுமாக அடுக்களைக்குள் நுழைந்தார்.

"என்னங்க இது? இப்ப எதுக்கு உங்களுக்கு இந்தச் சிரமம்?" என்றாள் மனைவி.

"நீ பேசாம போட்டோ எடு."

வெளி வால்வை மூடிவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும் என்று இருநூறு பேருக்காவது எழுதியிருப்பார். தான் மூட மறந்துவிட்டார். தண்ணீர் முகத்தில் பீய்ச்சியடித்தது.

"குடை கொண்டுவரட்டுமா?"

"வால்வு! வால்வு!"

"அது எங்கே இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. அவள்தான் போய் மூடினாள். பிறகு தேய்ந்துபோன வாஷரை எடுத்துப் புதியதைப் போட்டார். முடுக்கினார். வால்வைத் திறந்தாயிற்று. இருவரும் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டு இல்லை. அவர் சொன்ன ஒன்று உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தார். குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார்.

அதற்கப்புறம் தினம் ஒரு கேள்வி. சாப்பாட்டுக்குப் பிறகு டாண் என்று வரும். அலமாரிக் கீல் கிறீச்சிடுகிறது. அதிசயம், இவர் வீட்டு அலமாரியும் கிறீச்சிட்டது. ஜன்னல் கொக்கி மாட்டவில்லை. இவர் வீட்டிலும் மாட்டவில்லை. விசிறி ஆடுகிறது என்று வந்தபோது, "பாரேன், எல்லா வீட்லயும் ஒரே வியாதி!" என்று மனைவியிடம் வியந்தார்.

"ஆமா, ஒட்டுவாரொட்டி" என்றாள் அவள்.

"அந்தம்மா புருஷன் இதையெல்லாம் கவனிக்கறதே இல்லையாம். எழுதியிருக்கு. அவனெல்லாம் ஒரு மனுஷனா?"

"பாவம், அவருக்கு என்ன வேலையோ."

"என்ன பெரிய வேலை! வாய் கிழிய ஊருக்கு உபதேசம் பண்ணிக்கிட்டுத் திரியற ஆளா இருப்பான்."

"இருக்கும், இருக்கும்" என்று அவள் ரசத்தை ஊற்றினாள்.

ஆறாவது கேள்விக்குப் படம் போட்ட உற்சாகத்தில்தான் அந்தத் தப்பு நடந்தது. சொட்டுக்குத் தனியாக ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டார். "என் அருமை என் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. உங்களுக்குத்தான் தெரிகிறது."

அனுப்பியபின்தான் படித்துப் பார்த்தார். ஊர் பேர் தெரியாத பெண்ணுக்கு எழுதுகிற எழுத்தா இது? காலையில் மனைவி, "உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்" என்று போனோடு வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. முந்திக்கொண்டார்.

"நானே சொல்லிடறேன். மன்றத்துல ஒரு அம்மாவுக்கு... ஏதோ வாய் தவறி... கை தவறி..."

"உங்க அருமை தெரியாதவள்னு என்னைப் பத்தி எழுதினீங்களே, அதுவா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். மேலே 'நல்வரவு, சொட்டு' என்று இருந்தது.

அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். ஏமாந்துபோன கோபம் வர வேண்டிய நேரம். வரவில்லை. தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. வேறு யாரோ இல்லை, இவள்தான்! தன் பெண்டாட்டிக்குத்தான் எழுதியிருக்கிறோம்! அதில் என்ன குற்றம்? வயிற்றில் பால் வார்த்த நிம்மதியில் சிரித்தேவிட்டார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ அந்த ஏழாவது வாக்கியம்..."

"மருந்தே அதுதாங்க. ஒரு நாளைக்கு ஒரு கேள்வி, சாப்பாட்டுக்கு அப்புறம். காலையில ஒண்ணு எழுதினேன், படிங்க."

மன்றத்தைத் திறந்தார். சொட்டு எழுதியிருந்தாள்: "பிரச்சினை தீர்ந்தது, நன்றி. தீர்ந்த விதம்: வீட்டில் சொன்னால் என் கணவருக்குக் காது கேட்காது. மன்றத்தில் கேட்டேன், கேட்டது. நானே செய்து பார்த்தது."

விதம் சொல்லியிருந்ததால் விதி அவளைத் தொடவில்லை. பதிவு அதற்குள் போனுக்குப் போன் பரவியிருந்தது. அதற்குக் கீழே அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புதுப் பெயர்கள் முளைத்தன. சுத்தியலின் வீட்டுக்காரி. ஓட்டை வாளியின் வீட்டுக்காரி. ஒரே காலையில் நாற்பத்திரண்டு பேர், நாற்பத்திரண்டு கேள்விகள். பெண்டாட்டிகள் வந்துவிட்டால் புருஷன்மார் எந்த மன்றத்தில் போய் ஒளிவது? வேவு பார்க்கவாவது அவர்களும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மன்றம் பிழைத்துவிட்டது!

அவருக்குக் கண் கலங்கியது. நன்றி பொங்கியது. என்ன எழுதுகிறோம் என்று யோசிக்காமல் மனைவியின் பதிவுக்குக் கீழே மனதார எழுதினார். "அருமையான பதிவு, தொடருங்கள்."

திரை சிவந்தது. 'திருகாணி, மூன்று நாள் பேசத் தடை.'

இரண்டு தடவை படித்தார். அப்புறம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டார். "அப்பாடா! மூணு நாளைக்கு யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை, படமும் போட வேண்டியதில்லை."

மனைவி ஸ்க்ரூடிரைவரை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"தடை வாய்க்குத்தாங்க. குளியலறைக் கதவுக்குக் கை போதும்."