எபனேசர் நகர் மினி பஸ்

“பத்துப் பேர் ஏறணும்னாங்க. பத்துப் பேர் இருக்கோம். அப்புறம் என்னங்க?” என்றார் ஜோசலின் டீச்சர்.

“பத்தே பேர்தான் இருக்கோம். அதான் பயமா இருக்கு,” என்றார் அவர் கணவர் அசரியா.

கூடுவாஞ்சேரியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கிடந்தது எபனேசர் நகர். மனை விற்றபோது ‘ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து ஐந்தே நிமிடம்’ என்று நோட்டீஸ் போட்டார்கள். எதில் போனால் என்று போடவில்லை. ஹெலிகாப்டராக இருக்கும். தாம்பரத்தில் வேலை பார்க்கும் டீச்சர், ரெண்டு வருஷமாக ரோடு வரைக்கும் சகதியில் நடந்து சலித்துப்போய்க் கடைசியில் சொல்லிவிட்டார்: “ஜூன் மாசம் பஸ் வரலைன்னா நான் தாம்பரத்துல வாடகைக்குப் போயிடுவேன். உங்க சொந்த வீட்டை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க.”

ரிட்டயர்டு அசரியா ஆபீஸ் ஆபீஸாக மனு கொடுத்து ஒரு மினி பஸ்ஸை வரவழைத்தார். ஒரு வாரம் வெள்ளோட்டம். வெள்ளிக்கிழமை ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து தலை எண்ணுவார். நகரில் குடியிருந்து வேலைக்குப் போகிறவர்கள் பத்துப் பேராவது ஏற வேண்டும். குறைந்தால் பஸ் கிடையாது.

டீச்சரையும் சேர்த்துச் சரியாகப் பத்துப் பேர்.

“அன்னைக்குன்னு பார்த்து யாருக்காவது வயித்தால போச்சுன்னா?”

“போகாது. பேசாம படுங்க.”

அசரியாவாவது, பேசாமல் படுப்பதாவது! சர்ச்சில் பாடும் கொயரைப் பிடித்தார். இருபது பேர், எல்லோரும் கூடுவாஞ்சேரிக்காரர்கள். விடியற்காலையில் இங்கே வந்து பஸ் ஏற வேண்டும். வருவதற்குத்தான் பஸ் இல்லையே! அதற்கு நசீருதீனின் ஷேர் ஆட்டோவை ஏற்பாடு செய்தார்.

“ஆட்டோல வந்து, பஸ் ஏறி, வந்த எடத்துக்கே திரும்பிப் போறாங்க. இது இன்னா சார் கூத்து?” என்றான் நசீருதீன்.

“உனக்குப் புரியாது. நீ ஓட்டுப்பா.”

வெள்ளிக்கிழமை கொயர் வந்து இறங்கியது. கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி எல்லோரும் கையை வீசிக்கொண்டு நின்றார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடா போவார்கள் என்று அசரியா வீடு வீடாக ஓடி, பை, குடை, டிபன் பாக்ஸ் என்று வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

ஆட்டோவின் கடைசி டிரிப்பில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்து இறங்கினார். கொயர் லீடர் பிரிட்டோ கூட்டி வந்த புது ஆள் போல. அவருக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை. அசரியா வீட்டுக்குள் ஓடினார். சமையல் மேடையில் டீச்சர் கட்டி வைத்த கேரியர் இருந்தது.

“பிடிங்க. யார் கேட்டாலும், தினமும் இந்த பஸ்லதான் வேலைக்குப் போறேன்னு சொல்லணும். திருதிருன்னு முழிக்கக் கூடாது.”

“சரிங்க,” என்றார் அவர் அடக்கமாக.

பஸ் வந்தது. முன் சீட்டில் டைரியும் கையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆள் இவர்தான்! அசரியா கண்ணைக் காட்ட, நகர்க்காரர்களோடு கொயரும் முண்டியடித்து ஏறியது. ஏறியும் பழக்கம் விடவில்லை. பெண் குரல்கள் முன்னால், ஆண் குரல்கள் பின்னால் என்று வரிசை கட்டி நின்றது.

டீச்சர் கேரியரைத் தேடி அலுத்து ஓடி வருவதற்குள் படிக்கட்டு வரை நிரம்பிவிட்டது.

“எடமில்லம்மா, வழிய வுடு,” என்றார் கண்டக்டர்.

“யோவ், நான் இங்க குடியிருக்கிற டீச்சர்யா! இவங்கல்லாம் யாருன்னே எனக்குத் தெரியாது!”

விசில் அடித்தாயிற்று. பஸ் போயே போய்விட்டது.

“பார்த்தியா ஜோசி, என்ன கூட்டம்!” என்றார் அசரியா பூரித்துப்போய். டீச்சர் சாப்பாடு இல்லாமல் நசீருதீனின் காலி ஆட்டோவில் ஏறிப் போனார்.

திங்கட்கிழமை பஸ் வரவில்லை. ஏழு மணியாயிற்று, ஏழரையாயிற்று. “அந்த டைரிக்காரனுக்கு எண்ணத் தெரியலை!” என்று அசரியா குதித்தார். பக்கத்தில் டீச்சர் கைப்பையோடு, கூடவே ஒரு பெரிய பெட்டியோடும் நின்றிருந்தார்.

நசீருதீனின் ஆட்டோ வந்து நின்றது. அவன் கையில் டீச்சரின் கேரியர், கழுவிக் கவிழ்த்த பளபளப்போடு.

“சார், நீங்க கடசியா சாப்பாடு குடுத்து ஏத்தி வுட்டீங்களே, அவருதான் பஸ் ஆபீசராம், நெசமான ஆளுங்க ஒம்போது பேருதான் ஏறுனாங்களாம், அந்த டீச்சரம்மா மட்டும் ஏறியிருந்தா பத்து ஆயிருக்கும்னு சொல்லச் சொன்னாரு.”