ஓடுகிற சர்வரில் கை வைக்காதவர்

'ஓடுறதுல கை வைக்காதே' என்றொரு இனம் உலகத்தில் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். முனகுகிற மின்விசிறிக்கு அடியிலேயே நிம்மதியாகத் தூங்கும் ஜாதி. நம்மவர் அந்த இனத்தின் திலகம். ஒரு பெரிய மருத்துவமனையின் கணினிகளுக்கெல்லாம் பொறுப்பாளர்.

கணினிகளுக்குப் பெயர் வைத்திருப்பது நமக்காக. தங்களுக்குள் அவை எண்ணால்தான் தேடிக்கொள்ளும். பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்ல நடுவில் ஒரு மென்பொருள். அதில் ஓட்டை இருக்கிறது, ஏடாகூடமாக ஒரு கேள்வி வந்தால் மூச்சடைத்து விழுந்துவிடும், உடனே புதுப்பியுங்கள் என்று எச்சரிக்கை வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"சார், நாலு நிமிஷ வேலை. நான் போட்டுடட்டுமா?" என்று கேட்டார் பக்கத்து மேசைப் பெண்மணி.

"நல்லாத்தானேம்மா ஓடுது? சும்மா கிடக்குற சங்கை எதுக்கு ஊதிக் கெடுக்கணும்?"

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு எவனோ எங்கிருந்தோ அந்தக் கேள்வியை அனுப்பினான். திரைகளெல்லாம் உறைந்தன. பரிசோதனை முடிவுகள் பத்திரமாகத்தான் இருந்தன. எங்கே இருக்கின்றன என்பதுதான் எந்தக் கணினிக்கும் தெரியவில்லை. நம்மவர் அந்த மென்பொருளை அணைத்துப் போட்டார். எழுந்தது. இரண்டே நிமிடத்தில் விழுந்தது. மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது.

தலைமைச் செவிலி படியிறங்கி வந்து வாசலில் நின்றார்.

"தியேட்டர்ல ஒரு பொண்ணு மேஜை மேல படுத்திருக்கா. ரத்த ரிப்போர்ட் பாக்காம டாக்டர் கத்தியைத் தொட மாட்டாரு. எப்ப வரும்?"

"இது வெளியிலேருந்து வர்ற தாக்குதல், சிஸ்டர்..."

"காரணம் கேக்கல. நேரம் கேட்டேன்."

பதிலுக்குக் காத்திராமல் செவிலி மூன்றாவது மாடி ஆய்வகத்துக்கு மூச்சிரைக்க ஏறினார். முடிவைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினார். இங்கே பக்கத்து மேசைப் பெண்மணி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நான்கே நிமிடம். எல்லாம் சரியாயிற்று. அந்தப் பெண்ணும் பிழைத்தாள்.

மாலைக் கூட்டத்தில் நம்மவர், "தக்க சமயத்துல புதுப்பிச்சதால பெரிய ஆபத்து தப்பிச்சுது" என்றார். கைதட்டல்கூடக் கிடைத்தது. ஆனால் தலைமைச் செவிலி லிஃப்டில் நிற்பதைக் கண்டால் இன்றைக்கும் அவர் சத்தமில்லாமல் படிப்பக்கம் திரும்பிவிடுகிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் மூன்று வாரமாக உங்கள் கைபேசியும் ஏதோ கெஞ்சிக்கொண்டிருக்கிறதே, நேற்றும் 'நாளை பார்க்கலாம்' என்று தட்டி அதன் வாயை அடைத்த விரல் யாருடையதாம்?