மரப்பெட்டி இரட்டையர் போர்

வாழி! பழுதுற்ற மின்தூக்கிகளைச் சீராக்கிப் பதினான்கு மாடிக்கும் மாந்தரை ஏற்றியிறக்கும் எண்ணெய்க்கறைக் கையன், முப்பத்தோராண்டுப் பழமையுடைய மரப்பெட்டி ஒலிபெருக்கிகள் இரண்டைக் கூடத்தின் இருபுறமும் களிறுகளென நிறுத்தி, இற்றுப்போன அவற்றின் ஒலியெழுப்பும் காகிதக்கூம்பு விளிம்பைப் பசைதடவி ஒட்டிக் காத்த பெருந்தகை, வாழி வாழி!

அவன்மேற் படையெடுத்து வந்தவனோ மனைவியின் தம்பி. சோப்பு டப்பாவினும் சற்றே பெரிய, கம்பியில்லாப் புது ஒலிபெருக்கியைச் சட்டைப்பையினின்று வாளென உருவி அவன் முழங்கிய வஞ்சினமாவது:

"மாமா, இந்தக் காலத்துக்கு உங்க பெட்டி தாங்காது. பழைய சாமான்காரரை அஞ்சு மணிக்கு வரச் சொல்லிட்டேன்."

"வரட்டும் மாப்ள. உன் டப்பாவையும் சேத்தே அள்ளிக்கிட்டுப் போகட்டும்!"

நிற்க. தோற்றவன் பொருள் வீட்டைவிட்டு வெளியேறும் என்பது உடன்படிக்கை. தீர்ப்பு வீட்டரசியின் கையில். களம் சமைக்கையில், இடப்பெட்டி மேலிருந்த இஸ்திரித் துணிகள் கட்டிலுக்குப் பெயர்ந்தன. வலப்பெட்டி மேலிருந்த மீன்தொட்டியோ, தரையெங்கும் கம்பிகள் கொடியெனப் படர்ந்தமையால் வைக்க இடமின்றி, நடுவரின் மடியையே அடைந்தது. குறுக்கே ஒரு போர்வை திரையாயிற்று. அதன்பின் தம்பி மறைந்து நின்று, எது பாடுகிறதென்று சொல்லாமல் இயக்கினான்.

முதற்பாட்டில், பாடகி மூச்சிழுப்பதும் பிசகாமல், மெய்யெழுத்துகளை ஒவ்வொன்றாய் எண்ணி எடுக்கலாம்படி, கழுவிய கண்ணாடியெனத் தெளிந்து ஒலி வர, மார்தட்டி எழுந்தான் நம் வீரன்.

"கேட்டியா மாப்ள! இது மரத்துல பொறந்த சத்தம்!"

போர்வைக்கு மேலே ஒரு கை உயர்ந்தது. அக்கையில் சோப்பு டப்பா பாடிக்கொண்டிருந்தது. வீரன் நாற்காலியில் அமர்ந்த விதம், வடமறுந்த மின்தூக்கி கீழ்த்தளம் சேர்ந்ததை ஒத்தது.

அடுத்து மரப்பெட்டிகள் வாய் திறந்தன. அம்மம்ம! சன்னற்கம்பிகள் அதிர, அடுக்களைக் கரண்டிகள் ஆணியில் நின்றாட, மேல்வீட்டார் நாற்காலியை இழுத்து எதிர்முழக்கம் செய்ய, மடித்தொட்டி நீர் கடலெனக் கொந்தளிக்க, மீன்கள் இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் திகைக்க, எண்டிசையும் சூழ்ந்த அம்முரசொலி பகைவன் நெஞ்சுக்குழியுள்ளும் புகுந்தது. போர்வைக்குக் கீழே தெரிந்த அவன் கால், தலைவன் ஆணையின்றியே தாளம் போட்டது.

"உன் காலைக் கேளு மாப்ள, அது சொல்லும்!"

அக்கணம் வாசல் மணி அடித்தது. கூற்றுவன் போலக் கையில் தராசுடன் நின்றார் பழைய சாமான்காரர். ஆடவர் இருவரும் நடுவரை நோக்க, வீட்டரசி திருவாய் மலர்ந்தாள்:

"பாட்டு ரெண்டுலயும் நல்லாத்தான் இருக்கு. எனக்குக் கால் மரத்துப்போச்சு. டேய், உன் டப்பா மேல இந்தத் தொட்டி நிக்குமா?"

புதுயுகத்தின் படைத்தலைவன் தன் ஆயுதத்தை நோக்கினான், தொட்டியை நோக்கினான், மீன்களை நோக்கினான், மீண்டும் ஆயுதத்தை நோக்கினான்.

"நிக்காதுக்கா."

"என் பெட்டி தாங்கும்!" என்று அண்டம் அதிர ஆர்த்த வீரன், இரு கையாலும் தொட்டியை ஏந்தி, வெற்றிக்கொடி நாட்டுவான் போல வலப்பெட்டியின்மேல் அமர்த்தினான்.

சாமான்காரர் பழைய பேப்பரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.