நெல் கிட்டங்கியில் எண்ணெய்க் குளியல்

இலஞ்சி,
ஆடி 3.

அன்புத் தம்பி சுந்தரபாண்டியனுக்கு, அக்கா நாச்சியார் எழுதுவது. இங்கே நானும் குற்றாலச் சாரலும் சுகம். மதுரை வெயிலில் நீயும் ஜெயசித்ராவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உன் கடிதம் கிடைத்தது. தேதி போட மறந்திருக்கிறாய். முப்பத்தைந்து வருடம் போலீசில் இருந்தவன் இப்படி மறக்கலாமா?

அப்பாவின் நெல் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் உள்ளே என்னதான் செய்கிறார்கள், காலி பண்ணச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருந்தாய். சொல்லக் கூடாது. காரணத்தைக் கேள்.

முன்பு அங்கே மாவு மில் ஓடியபோது நம் வீட்டுத் தட்டு டம்ளரெல்லாம் ஆடும். இவர்கள் வந்த நாளிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வேலை நடக்காத இடத்தில்தான் சத்தம் இருக்காது என்று எண்ணி, சமையல் பார்க்கும் உலகம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்குப் போனேன். பொறுப்பில் இருப்பவள் ஸ்வர்ணா என்று ஓர் இன்ஜினியர், வாசுதேவநல்லூர்ப் பெண். "வாங்க ஆச்சி" என்றாள். "நான் உனக்கு ஆச்சி இல்லை, வீட்டுக்காரம்மா" என்றேன். "சரி ஆச்சி" என்றாள்.

தம்பி, அங்கே நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! பத்தாயத்தைப் படுக்கப் போட்டது போல் ஒரு தொட்டி. கண்ணாடி மூடிக்குக் கீழே தண்ணீர் போல் தெளிந்த எண்ணெய். அதற்குள் ஐம்பது கம்ப்யூட்டர்கள் அலமாரிப் புத்தகங்கள் போல நெருக்கியடித்து மூழ்கிக் கிடக்கின்றன, விளக்குகள் மினுக்க மினுக்க! கரண்ட் ஓடுகிற சாமானை எண்ணெயில் போடலாமா என்று அலறினேன். "இந்த எண்ணெயில கரண்ட் பாயாது ஆச்சி, சூட்ட மட்டும் வாங்கிக்கிடும். பம்பு அத வெளிய கொண்டுபோவும், நம்ம மலைக்காத்துல ஆறி திரும்ப வந்துரும். ஃபேன் கெடையாது, ஏசி கெடையாது. முன்ன இதே வேலைக்கு ஒரு கல்யாண மண்டபம் நெறைய மிசின் வேணும், அத குளிர வைக்கவே பாதி கரண்ட்டு போயிரும்" என்றாள். உலகம்மாளோ, "வெள்ளிக்கிழம பொம்பளைக்கு, சனிக்கிழம ஆம்பளைக்கு. இதுக தெனமும் எண்ணெயிலயே கெடக்கே, எப்பதான் குளிக்கும்?" என்று கேட்டாள். ஐந்தருவி வெள்ளத்தில் முதல்முறை தலையைக் கொடுத்தபோது இப்படி மலைத்து நின்றவள், அதற்கப்புறம் அன்றைக்குத்தான் நின்றேன். எத்தனையோ ஊர்களின் ஆஸ்பத்திரிப் படங்களும் ரயில் டிக்கெட்டுகளும் அந்தக் கம்ப்யூட்டர்களுக்குள் ஏறி, அப்பாவின் கிட்டங்கியில் சத்தமில்லாமல் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன! மறுநாளிலிருந்து தினம் நாலு மணிக்கு மேற்பார்வைக்குப் போகிறேன்.

அந்தத் தொட்டி ஒரு நிமிடமும் நிற்காமல் நூறு நாள் ஓடிக் காட்ட வேண்டும். ஓடினால் கம்பெனி இங்கேயே நிலைக்கும். நின்றால் மூட்டை கட்டிவிடும், ஸ்வர்ணாவின் வேலையும் போகும். தொண்ணூற்றேழாவது நாள், வெள்ளிக்கிழமை, அந்த விபரீதம் நடந்தது. சாரலில் தும்மிக்கொண்டிருந்த ஸ்வர்ணாவின் தலைக்கு வைக்க, மிளகும் சீரகமும் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுபோயிருந்தோம். ஏதோ பழுது பார்க்கத் தொட்டியைத் திறந்தவள், போன் வந்ததும் அப்படியே விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து, வெறும் எண்ணெயில் கிடந்தால் மிஷினுக்குச் சளி பிடிக்காதா என்று தானாகவே முடிவு செய்து, உலகம்மாள் இரண்டு கரண்டியை உள்ளே ஊற்றிவிட்டாள். ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

ஸ்வர்ணா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தாள். எட்டிப் பார்த்தாள். "ஐயோ, யாரு இதுல தாளிச்சது?" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் மூணே நாளுதான இருந்துச்சு." நிறுத்திச் சுத்தம் செய்தால் நூறு நாள் கெட்டது, நிறுத்தாவிட்டால் என்னாகுமோ தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓடட்டும் என்று முடிவெடுத்தாள். இரண்டு வடிகட்டிகள் இருந்ததால் ஒன்றை மாட்டி ஒன்றைக் கழுவினோம். திரையில் சூடு எப்போதும் போல நாற்பத்துநாலு. மறுநாளும் நாற்பத்துநாலு. நம் மிளகையும் சீரகத்தையும் விழுங்கிவிட்டு அந்தத் தொட்டி இமைகூடக் கொட்டவில்லை, தம்பி!

நூறாம் நாள் பெங்களூரிலிருந்து எபனேசர் என்கிற மேலதிகாரி வந்தார். பாளையங்கோட்டைக்காரர். கதவைத் திறந்ததும், "ஏ, எங்க அம்ம காய்ச்சுத எண்ணெ மணமால்லா இருக்கு!" என்றார். உடனே அதிகாரி ஆகி, "யாரு செஞ்சது?" என்றார். உலகம்மாள் முன்னால் வந்தாள். "நாந்தாம்யா. சளி பிடிக்குமேன்னு ஊத்திட்டேன்."

"மிசினுக்கா ரெண்டு கரண்டி?"

"ஒம்மளுக்குன்னா ஒண்ணுதான் ஊத்திருப்பேன்."

சிரித்துவிட்டார். கணக்குகளைப் பார்த்தார், ஒரு நிமிடமும் நிற்கவில்லை. 'அந்நியப் பொருள்: மிளகு எட்டு, சீரகம் எண்ண இயலவில்லை' என்று அறிக்கையில் எழுதினார். இன்னும் நான்கு தொட்டிகள் வருகின்றன. ஆனாலும் 'உலகம்மாள் உள்ளே வரக் கூடாது' என்று கதவில் ஒட்டச் சொன்னார். சட்டம் சட்டம்தான், சரி என்றேன்.

ஆகவே காலி பண்ணும் பேச்சே வேண்டாம். இத்துடன் உள்ள ஒப்பந்தத்தில் நான் புள்ளி வைத்த இடத்தில் நீல மையால் கையெழுத்திடு. குற்றாலநாதர் அருளால் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், உனக்குக் கொஞ்சம் ஞாபகசக்தியும் உண்டாகட்டும்.

உன் அக்கா,
நாச்சியார்.

பின்குறிப்பு: இது மறுநாள் எழுதுவது. நேற்று இந்தக் கடிதத்தைத் தபாலுக்கு எடுத்துப்போக வந்த உலகம்மாள், "எம் பேரு அதுல இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "நல்லவிதமாத்தான எழுதிருக்கீய?" என்றாள். கடிதத்தைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். தம்பி, அந்த வெள்ளிக்கிழமை அவள் வடகரையில் மகள் வீட்டில் இருந்தாள். காய்ச்சியதும் நான், கொண்டுபோனதும் நான், ஊற்றியதும் நான். ராப்பகலாக உழைக்கிற அந்த மிஷின்களைப் பார்த்து மனம் கேட்கவில்லை. எபனேசர் கேட்டபோது கான்வென்ட்டில் படித்த என் வாய் திறக்கவில்லை. அவள் வாய் திறந்துவிட்டது. ஸ்வர்ணாவிடம் போய்ச் சொன்னேன். "அன்னைக்கே தெரியும் ஆச்சி, ஒங்க கையிலதான சீரகம் மணந்துச்சு" என்றாள். பெங்களூருக்கும் எழுதிவிட்டேன். நான்கு பக்கத்தில் ஓர் அடித்தல் திருத்தல் இல்லை, கிழிக்க மனம் வரவில்லை. ஊற்றிய இடத்தில் மட்டும் என் பெயரைப் போட்டுப் படித்துக்கொள். ஸ்வர்ணா மாற்றி ஒட்டிவிட்டாள், இப்போது கதவில் என் பெயர்தான் இருக்கிறது. இன்று நாலு மணிக்கு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். உள்ளே தொட்டியருகில் நின்றுகொண்டு உலகம்மாள், "நல்லாத்தான் ஓடுது, நீங்க வீட்டுக்குப் போங்க" என்று கை காட்டினாள்.