மிஷேல் சோனியேயின் குடும்பப்பெயர்

“உங்க பேருக்கு என்ன அர்த்தம் சார்?” என்று சகாயமேரியின் மூத்த மகள் ஒருநாள் கேட்டாள். மரக்காணத்தின் அறிவு வரலாறு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

கேட்கப்பட்டவர் மிஷேல் சோனியே, ‘எபிரேய முதற்பெயரும் பிரெஞ்சுக் குடும்பப்பெயரும் உடையோர் மன்ற’த்தின் தலைவர். மன்றத்தில் மூன்று பேர். மூவருமே நிர்வாகிகள்.

“மிஷேல்னா எபிரேயத்துல ‘கடவுளுக்கு நிகர் யார்?’னு அர்த்தம்மா,” என்றார். அந்தக் கேள்விக்கு விடை தாம்தான் என்பது அவருடைய பணிவான கருத்து.

“சோனியேன்னா?”

“அதெல்லாம் அரண்மனை சமாச்சாரம்.”

சகாயமேரி மகளை அடக்கிவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். “சின்னவனுக்குத் திங்கக்கிழம இதயத்துல ஆபரேஷன்ங்க. ஞாயித்துக்கிழம ஞானஸ்நானம். ஞானத்தகப்பனா நிக்க ஒத்துக்கினவரு துபாய்க்குப் போயிட்டாரு. யாருமே இல்லாத புள்ள மாதிரி தூக்கினு போவ மனசு வரல. நீங்க நிக்கணும். வெள்ளத்துல எங்க வூட்டுக்காரருதான உங்கள முதுகுல தூக்கினு வந்தாரு?”

மன்றம் அவசரமாகக் கூடியது.

“உப்பளத்துல கூலிக்குப் போறவங்க புள்ளைக்கு நீங்க ஞானத்தகப்பனா? நம்ம பேரு என்னாவறது தலைவரே?” என்றார் துணைத்தலைவர் தானியேல் லபோர்த். ‘குடும்பப்பெயரின் மாண்பு கருதி’ மறுப்பதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அந்த மாண்பு இன்னதென்று தீர்மானத்தில் குறிப்பிட வேண்டுமல்லவா? மிஷேல் வெளியே போய், பிரான்சிலிருக்கும் தம்பிக்குப் போன் போட்டார்.

“சோனியேன்னா பிரெஞ்சுல உப்பளத்துல வேல செய்றவன்னு அர்த்தம்ண்ணே,” என்றான் தம்பி. “பிரெஞ்சுக்காரங்ககிட்ட குடும்பப்பேரு பதியப் போனப்ப, என்னா வேல செய்றன்னு நம்ம கொள்ளுத்தாத்தாவ கேட்டிருக்காங்க. உள்ளத உள்ளபடி சொல்லிட்டாரு.”

அந்தக் குடும்பத்தில் உள்ளதை உள்ளபடி சொன்ன கடைசி ஆள் அவர்தான்.

“என்ன சொன்னாரு தலைவரே?” என்றார் லபோர்த்.

“லைன் கிடைக்கல.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊர் கலைந்த பிறகு, பக்கவாட்டுக் கதவு வழியாக ஒருவர் கோயிலுக்குள் வந்தார். குழந்தையை வாங்கி, அதன் நெஞ்சில் தழும்பு விழப்போகும் இடத்தில் மெல்லக் கை வைத்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றி முடிக்கும்வரை நின்றார். சகாயமேரி அழுதாள். பங்குச் சாமியார் அவருடைய அடக்கத்தை வியந்தார்.

அது அடக்கமல்ல, பயம். பட்ட கடனைத் தீர்க்கும்போதும் லபோர்த் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம். ஆண்டவர் பார்த்ததைப் பற்றி மட்டும் அவருக்குக் கவலையில்லை. ஆண்டவருக்குக் குடும்பப்பெயர் கிடையாது. மன்றத்தில் அவரைச் சேர்க்க மாட்டார்கள்.