சுட்டா வாயைத் திறந்து சொல்லு, எல்ஸி

சித்தியவானில் வசிக்கும் மரியாதைக்குரிய கென்னத் மச்சான் அவர்களுக்கு, சிம்பாங் பூலாயிலிருந்து உங்கள் தங்கை கணவன் செபாஸ்டியன் பணிவோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்ஸியும் எல்ஸியின் தோலும் சுகம். அங்கே நீங்களும் ட்ரேசி அக்காவும் சுகமாக இருக்க வேண்டும். போன்ல பேசினா எல்ஸி காதுல விழும், அதான் லெட்டர்.

அவளுக்குக் கர்ப்பப்பையில ஃபைப்ராய்டு கட்டி, புற்று இல்லைன்னு சொல்லியிருந்தேனே. ஈப்போவுல டாக்டரம்மா தினேஸ்வரி, கத்தி வேணாம், அல்ட்ராசவுண்டை ஒரே இடத்துல குவிச்சுக் கட்டியைப் பொசுக்கிடலாம்னாங்க. நானும் சந்தோஷமா தலையாட்டினேன். அப்புறம்தான் அந்தம்மா, சில பேருக்கு வயித்துத் தோல் சுட்டுக் கொப்புளம் வரலாம், பழைய ஆபரேஷன் தழும்பு இருக்கிறதால கூடுதல் கவனம் வேணும், முழு மயக்கம் குடுக்க மாட்டோம், சூடு தெரிஞ்ச உடனே நீங்கதான் சொல்லணும்னாங்க. ஆட்டின தலையை அப்படியே நிறுத்திட்டேன் மச்சான். யாரு சொல்லணும்? உங்க தங்கச்சி! கொதிக்கிற சட்டியை வெறுங்கையில இறக்கிட்டு “ஒண்ணுமில்லங்க”ன்னு சொல்ற பொம்பளை! பிரசவ வலியிலயே நர்ஸுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு கம்முனு கிடந்தவ! வெந்தாலும் வாயைத் திறக்க மாட்டாளேன்னு எனக்குச் சோறு இறங்கல. தினமும் படுக்க வச்சு, “சுட்டா சொல்லு எல்ஸி, சத்தமா சொல்லு”ன்னு பயிற்சி குடுத்தேன். நடுவுல மெஷினுக்கு சர்வீஸாம், ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு. அவங்க வேலை அப்படித்தான் லா.

போன புதன்கிழமை உள்ளே கூட்டிப் போனாங்க. நான் வெளியே தைரியமா உட்கார்ந்திருந்தேன். திடீர்னு “நிறுத்துங்க!”ன்னு ஒரு கத்து. எல்ஸி குரல்! இருபத்து மூணு வருஷத்துல நான் கேட்காத சத்தம். மெஷினை நிறுத்தி, ஆற விட்டு, மறுபடி ஆரம்பிச்சாங்க. கட்டி வெந்துருச்சு, தோல்ல புதுசா ஒரு சிவப்புகூட இல்லைன்னு டாக்டரம்மா சொன்னப்பதான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு. எல்லாம் என் பயிற்சி மச்சான், பெருமைக்குச் சொல்லல.

மாதா உங்கள் வீட்டாரைக் காப்பாராக. பெரியவங்களுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். எல்ஸி கடைத்தெருவுக்குக் கிளம்புறா, அவகிட்டயே போஸ்ட் பண்ணக் குடுக்கிறேன். பிரிச்சுப் படிக்கிற ஆள் இல்லை.

இப்படிக்கு,
செபாஸ்டியன்

பி.கு.: அண்ணே, எல்ஸி எழுதுறேன். பிரிச்சுட்டேன். அன்னைக்கு உள்ளே எனக்குச் சூடே தெரியல. வெளியே இவர் “ஆண்டவரே, அவ வாயைத் திற”ன்னு ஓன்னு அழுதது கதவைத் தாண்டி வந்துச்சு, அதை நிறுத்தத்தான் கத்தினேன். பயிற்சின்னு எழுதியிருக்காரே, அது தழும்பு மேல சுடுதண்ணிப் பையை வச்சு “சுடுதா, சுடுதா”ன்னு கேட்டதுதான். பயந்து போயிருக்காரேன்னு ஒண்ணுமில்லைன்னுட்டேன். பெரிய கொப்புளம். அது ஆறட்டும்னு டாக்டரம்மா ரெண்டு வாரம் தள்ளி வச்சாங்க. மெஷின் சர்வீஸ்னு இவர்கிட்ட சொன்னது நான்தான். தயவுசெஞ்சு சொல்லிடாதீங்கண்ணே, இவர் தாங்க மாட்டாரு.